லிவர்பூல் கரை: பட்டியலும் மிதவையும்

2021 ஜூலை 21ஆம் தேதி, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு லிவர்பூல் துறைமுகக் கரையைத் தன் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. அடிப்பதற்கு ஆதரவாக 13 வாக்குகள், எதிராக 5. 2004ல் பட்டியலில் ஏறிய பெயர், 2012ல் ‘ஆபத்தில் உள்ளவை’ என்ற துணைப்பட்டியலுக்கு மாற்றப்பட்டு, பதினேழே வருஷத்தில் காணாமல் போயிற்று. இதற்குமுன் இப்படி நீக்கப்பட்டவை இரண்டுதான். ஒன்று ஓமனில் இருந்த மான் சரணாலயம் (2007). மற்றது ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரை ஒட்டிய எல்ப நதிப் பள்ளத்தாக்கு (2009). அங்கே குற்றம் ஒரு பாலம். லிவர்பூலில் குற்றம் புதிய கட்டடங்கள், இனி வரவிருக்கும் கட்டடங்களுக்கான திட்டங்கள். கரையின் தனித்தன்மை மீட்க முடியாதபடி போய்விட்டது என்பது தீர்ப்பு.

தீர்ப்பு வந்ததும் இரண்டு கட்சிகள் உருவாயின. மகத்தான ஒரு காட்சி பாழாயிற்று என்று ஒரு கட்சி அழுதது. நகரம் என்பது பொருட்காட்சிசாலை அல்ல, அது வாழ வேண்டும், வளர வேண்டும் என்று மறு கட்சி பேசியது. இரண்டுமே கேட்டுக் கேட்டுக் காது புளித்த வாதங்கள். மரபு பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இந்த இரண்டு குரல்களும் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இரண்டும் ஒரே பிழையான பார்வையிலிருந்து பிறந்தவை என்பது என் எண்ணம். இரு தரப்பாருக்கும் கரை என்பது ஒரு முகம். ஆற்றின் நடுவில் நின்று பார்த்தால் தெரிகிற முகம். அதன்மேல் கீறல் விழுந்ததா, அது புது அழகா என்பதுதான் தகராறு. கரை எதற்காக இருந்தது என்ற கேள்வியை இருவருமே எழுப்பவில்லை.

நான் அந்தக் கரையை நேரில் பார்த்தவனல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரைபடங்கள், புகைப்படங்கள், கட்டடங்களைப் பற்றி எழுதப்பட்டவை, இவைதான் என் ஆதாரங்கள். இது என் எழுத்துக்கு ஒரு எல்லை. ஆனால் நீக்கல் தீர்மானம் போட்ட கூட்டமும் சீனாவின் ஃபூச்சௌ நகரத்தின் பெயரில், கணினித் திரைகள் வழியாக நடந்ததுதான். படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் நானும் குழுவும் ஒரே பந்தியில் இருக்கிறோம்.

லிவர்பூல் கரையின் முகமாகச் சொல்லப்படுபவை மூன்று கட்டடங்கள். மெர்ஸி ஆற்றைப் பார்த்து வரிசையாக நிற்பவை. 1907ல் முடிந்த துறைமுக வாரியக் கட்டடம். 1911ல் முடிந்த ராயல் லிவர் கட்டடம். இந்த இரண்டுக்கும் நடுவே, 1914க்கும் 1917க்கும் இடையில், யுத்தத்துக்கு மத்தியில் எழும்பிய குனார்டு கட்டடம். கிரேக்கப் புராணத்தின் மூன்று அழகுத் தேவதைகளின் பெயரால் இவற்றை அழைக்கிறார்கள். பெயர் பின்னால் வந்தது. கட்டியவர்கள் மூன்று வெவ்வேறு முதலாளிகள். வரைந்தவர்கள் மூன்று வெவ்வேறு கூட்டத்தார். ஒன்றுக்கொன்று எந்த உறவும் திட்டமிடப்பட்டதல்ல. துறைமுக வாரியத்துக்குத் தேவாலயக் குவிமாடம். குனார்டுக்கு இத்தாலியப் பிரபுவின் மாளிகை. லிவருக்கு எந்தத் தேசத்தது என்றே சொல்ல முடியாத இரண்டு கோபுரங்கள், உச்சியில் இரண்டு செப்புப் பறவைகள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால் மட்டுமே அவை ஒரு குடும்பமாயின.

நான் தினமும் பேரேட்டுக்கும் வவுச்சருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவன். அதனால் இந்தத் தேவதைகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிவது வேறொன்று. இவை மூன்றும் குமாஸ்தாக்களின் கட்டடங்கள். ஒன்றில் துறைமுகக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. ஒன்றில் கப்பல் டிக்கெட் கணக்கு. ஒன்றில் இன்ஷூரன்ஸ் தவணை. அந்த மூன்றாவதன் கதை முக்கியமானது. ராயல் லிவர் என்ற ஸ்தாபனம் 1850ல் ஒரு மதுக்கடையில் கூடிய ஏழைகளின் ஈமச் சங்கமாகத் தொடங்கியது. அநாதைப் பிணமாகப் புதைக்கப்படுவோமோ என்ற பயத்தில் கூலிக்காரர்கள் வாராவாரம் கொடுத்த காசு. அந்தக் காசுதான் அறுபது வருஷத்தில் 98 மீட்டர் உயரமுள்ள கோபுரமாயிற்று. லண்டன் பிக் பென்னைவிடப் பெரிய, 25 அடி குறுக்களவுள்ள கடிகார முகங்களாயிற்று. ஏழையின் மரணபயம் வானத்தில் மணி காட்டுகிறது. கட்டடத்தின் அர்த்தம் என்று ஒன்று உண்டானால் அது இதில் இருக்கிறது; கோபுரத்தின் அளவுப் பொருத்தத்தில் இல்லை.

இவை தம் காலத்தில் புத்தம்புது அத்துமீறல்கள் என்பதும் மறந்துபோயிற்று. மூன்றும் நிற்கும் இடம் நிலமல்ல. 1771ல் திறக்கப்பட்ட ஜார்ஜ் டாக் என்ற பழைய கப்பல்குளத்தைத் தூர்த்துவிட்டு அதன்மேல் எழுப்பியவை. லிவர் கட்டடம் கம்பிக் கான்கிரீட்டால் கட்டப்பட்ட உலகின் முன்னோடிப் பெருங்கட்டடங்களில் ஒன்று. எலும்பு இருபதாம் நூற்றாண்டு. தோல் மட்டும் பழைய கல். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் ரைலிக்கே அது உவப்பாக இல்லை. இன்றைய பாரம்பரியப் பிரியர் 1911ல் வாழ்ந்திருந்தால் அவரும் ரைலியோடு சேர்ந்து முகம் சுளித்திருப்பார். பாரம்பரியம் என்பது பல சமயம், சுளித்த முகங்கள் இறந்துபோன பிறகு மிஞ்சுவதுதான்.

குனார்டு கட்டடத்தில் இந்தப் பாசாங்கு இன்னும் நுட்பமாக இருக்கிறது. அதற்கு ஆலோசகராக இருந்தவர் ஆர்தர் டேவிஸ். அதே குனார்டு கம்பெனியின் ‘அக்விடேனியா’ என்ற பிரயாணிக் கப்பலின் உள்ளலங்காரத்தைச் செய்தவரும் அவரே. அந்தக் கப்பல் 1914ல் முதல் பயணம் புறப்பட்டது. கடலில் போகிறோம் என்ற நினைப்பே முதல் வகுப்பாருக்கு வராமல், அரண்மனையில் இருப்பதாகத் தோன்றவேண்டும் என்பது கப்பலுக்குள் அவர் செய்த ஜாலம். கரையிலும் அதே அரண்மனை. கரையில் நிற்கும்போது கப்பலுக்குள் வந்தாயிற்று. கப்பலில் போகும்போது கரையிலேயே இருக்கிறோம். பணமுள்ளவனுக்குப் பிரயாணம் என்பதே நிகழாதபடி பார்த்துக்கொள்ளும் கலை இது. மற்ற வகுப்பாருக்கு அந்தக் கட்டடத்திலேயே வேறு காத்திருப்பிடங்கள் இருந்தன. அவர்களுக்குப் பிரயாணம் நிகழ்ந்தது.

எத்தனை பேருக்கு? 1830க்கும் 1930க்கும் இடையே லிவர்பூல் வழியாகப் பிழைப்புத் தேடி அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று போனவர்கள் சுமார் 90 லட்சம் பேர். ஐரிஷ்காரர்கள், ஆங்கிலேயர்கள் மட்டுமல்ல. ஸ்வீடன், நார்வே, ருஷ்யா ஆகிய இடங்களிலிருந்து கிழக்குக் கரையில் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து வந்தவர்களும் அதில் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் போன காலத்தில் அந்த மூன்று கட்டடங்களும் இல்லை. இருந்தபோது போனவர்களிலும் பலருக்கு அவை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

அவர்கள் காலடியில் இருந்தது வேறு. மெர்ஸி ஆற்றில் ஓதத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டர்வரை மாறும். கல்லால் கட்டிய துறையில் கப்பலை நிறுத்தி எந்நேரமும் ஆளை ஏற்றுவது நடவாத காரியம். அதற்காக 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரும்பு மிதவைகளின் மேல் மேடைகள் அமைத்தார்கள். பிறகு அவற்றை ஒன்றாக இணைத்தார்கள். 1874ல் எரிந்துபோனதைத் திரும்பக் கட்டி நீட்டினார்கள். கடைசியில் அது ஏறத்தாழ 2,500 அடி நீளமுள்ள மிதக்கும் தெருவாயிற்று. கரையிலிருந்து கீலில் ஆடும் பாலங்கள் வழியாக அதில் இறங்க வேண்டும். நீர் ஏறினால் பாலம் கிடையாகும், வற்றினால் சரியும். கப்பலும் மேடையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். 1895ல் அதன் வாசலுக்கே ரயில் நிலையம் வந்தது. லண்டனில் ஏறியவன் ரயிலிலிருந்து இறங்கி, சற்று நடந்தால் கப்பல்.

பிரயாணிக் கப்பல் துறைமுகம் என்ற வகையில் லிவர்பூலின் உண்மையான கட்டடக்கலை இதுதான் என்பது என் கட்சி. அதற்கு முகம் கிடையாது. நெடுக்கு மட்டும்தான். நிலைத்திருப்பதாக அது எந்தப் பாவனையும் செய்யவில்லை. தன் கீழே இருப்பது தண்ணீர் என்பதை ஒரு கணமும் மறக்காத உருவம். போகிறவனுடைய அனுபவத்தின் உருவமும் அதுவே. நிலத்தை விட்டாயிற்று, கடலுக்கு இன்னும் வரவில்லை. கால் வைத்திருக்கும் இடம் லேசாக அசைகிறது.

அது என்ன ஆயிற்று? பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தெற்கே ஸதாம்ப்டனுக்குப் போயின. ஒயிட் ஸ்டார் கம்பெனி தன் துரிதக் கப்பல்களை 1907லேயே மாற்றிவிட்டது. அதனால்தான் ‘டைட்டானிக்’ பின்புறத்தில் லிவர்பூல் என்று எழுதிக்கொண்டு, லிவர்பூலுக்கு ஒரு முறைகூட வராமல் 1912ல் மூழ்கியது. முதல் யுத்தம் முடிந்ததும் குனார்டும் அதே வழி போயிற்று. பிறகு ஆகாய விமானம் வந்தது. 1971ல் ‘எம்ப்ரஸ் ஆஃப் கனடா’ கடைசி அட்லாண்டிக் பயணத்தை முடித்தது. அதே வருஷம் ரயில் நிலையமும் மூடப்பட்டது. மிதவை மேடை 1970களில் பிரித்தெடுக்கப்பட்டது. அப்போது எந்தச் சர்வதேசக் குழுவும் கூடவில்லை. வாக்கெடுப்பு இல்லை. பழைய இரும்பு என்று எடை போட்டால் போயிற்று.

பட்டியல் வந்தது 2004ல். வேலை செய்த பாகம் முப்பது வருஷம் முன்பே போய்விட்ட பிறகு, கணக்கெழுதிய பாகத்துக்குப் பாரம்பரியப் பட்டம். 2021ல் அழுதவர்கள் தாமதமாக அழுதார்கள். அதுவும் வேறொரு சவத்துக்காக.

இங்கே ஹெர்மன் மெல்வில் நினைவுக்கு வருகிறார். அவர் 1839ல் கப்பல் கூலியாக லிவர்பூலுக்குப் போனவர். பத்து வருஷம் கழித்து ‘ரெட்பர்ன்’ நாவலில் அதை எழுதினார். அதன் நாயகன் தன் தகப்பனார் வைத்திருந்த பழைய லிவர்பூல் வழிகாட்டிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நடந்த தெருக்களைத் தேடுகிறான். எதுவும் பொருந்தவில்லை. இந்த நகரத்தில் வழிகாட்டிப் புத்தகம் 19ஆம் நூற்றாண்டிலேயே தோற்றாயிற்று. தகப்பனாரின் புத்தகம் தவறானதல்ல. அது தகப்பனாரின் நடைக்கு எழுதப்பட்டது. யுனெஸ்கோவின் பட்டியலையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நகரம் பட்டியலைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்பவர்கள், அந்தப் பையன் கடைசியில் கற்றுக்கொண்டதைக் கற்றுக்கொள்ள மறுப்பவர்கள்.

இதனால் புதிய கட்டடங்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். முகத்தை விட்டுவிட்டு வேறு அளவுகோலை எடுத்தால், அவற்றில் பல இன்னும் மோசமாகவே நிற்கின்றன.

முதலில் நான்காவது தேவதை என்ற யோசனை. 2002ல் ஒரு போட்டி வைத்து வில் ஆல்ஸப்பின் ‘மேகம்’ என்ற வரைவைத் தேர்ந்தெடுத்தார்கள். பளபளக்கும் உருண்டை வடிவம். 2004 ஜூலையில், யுனெஸ்கோ பட்டியலில் பெயர் ஏறிய அதே மாதத்தில், அது கைவிடப்பட்டது. செலவு கட்டுப்படியாகவில்லை. அந்த வரைவைவிட, போட்டியின் தலைப்புத்தான் கோளாறு. மூன்று தற்செயல்களுக்குத் தெய்வப் பெயர் வைத்து, நான்காவதைத் திட்டமிட்டுப் பெற்றெடுக்கப் பார்த்தார்கள். சாதனை என்பதை முன்கூட்டியே டெண்டர் விட முடியாது.

அதே இடத்தில் 2011ல் லிவர்பூல் மியூசியம் திறந்தது. டென்மார்க்கின் 3எக்ஸ்என் வரைந்தது; பாதியில் வேறு கட்டடக்கலைஞர்கள் வந்து முடித்தது. வெளிர்க் கல் போர்த்த, சாய்வான, தாழ்வான உருவம். இரண்டு முனைகளிலும் பிரம்மாண்டமான கண்ணாடிச் சன்னல். ஒன்றின் வழியே ஆறும் மூன்று கட்டடங்களும் படம்போல் தெரியும். இதுவே எனக்கு அதில் உறுத்துவது. ஆற்றைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே அனுமதி இலவசம். ஈமக் காசு கட்டியவனின் பேரன், பழைய மூன்று கட்டடங்களின் உள்ளே போகாமலே காலம் கழித்தவன், இதற்குள் யாரையும் கேளாமல் நுழையலாம். உருவத்தில் இழந்ததை உபயோகத்தில் ஓரளவு மீட்டுக்கொண்ட கட்டடம்.

அதன் பக்கத்தில் மான் தீவுக் கட்டடங்கள், 2012ல் முடிந்தவை. கறுப்பு கிரானைட்டும் கண்ணாடியுமாகச் சாய்வாக வெட்டிய பாளங்கள். அதிகம் வசை வாங்கியவை இவையே. தெற்கே ஆல்பர்ட் டாக் பக்கமிருந்து மூன்று கட்டடங்களையும் பார்ப்பதை இவை மறைக்கின்றன என்பது முக்கியக் குற்றச்சாட்டு. எனக்கு இவற்றின் வெளித்தோற்றத்தில் அவ்வளவு வெறுப்பில்லை. இவை பழைய கல்லைப் போலி செய்யவில்லை. கறுத்து, விலகி நின்று, வெள்ளைக் கட்டடங்களைத் தம்மேல் பிரதிபலித்துக்கொள்கின்றன. மரபுக்கு அருகில் நிற்கும்போது மௌனமாக இருப்பதும் ஒரு வழி. அடுக்குமாடி வீடுகள் என்ற இடத்தில்தான் விஷயம் கெடுகிறது. விற்கப்பட்டது சுவருக்குள் உள்ள இடம் மட்டுமல்ல, சன்னலில் தெரியும் காட்சி. எல்லோருக்கும் பொதுவாக இருந்த பார்வையை மறைத்து, அதையே துண்டு போட்டு உள்ளே இருப்பவனுக்கு விற்கிறது. முகம், முகம் என்று பாரம்பரியக்காரர்கள் கத்தியதற்கு வியாபாரி கண்டுபிடித்த அர்த்தம் இது. காட்சிக்கு மதிப்பு உண்டு என்றீர்கள், இதோ விலை.

மூன்று கட்டடங்களுக்கு நேர் முன்னே, 2009ல் ஒரு சிறிய படகு நிலையம் கட்டினார்கள். மெர்ஸியைக் கடக்கும் படகுக்கானது. அந்த வருஷமே பிரிட்டனின் மிக மோசமான புதுக் கட்டடம் என்று ஒரு கட்டடக்கலைப் பத்திரிகை அதற்குக் கோப்பை கொடுத்தது. அழகான கட்டடம் என்று நானும் சொல்லவில்லை. கோணல் பெட்டி. ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த முகப்பு வரிசையில், மனிதர்கள் தண்ணீரின்மேல் போவதற்காக இன்றும் நுழைகிற கட்டடம் அதுதான். தூற்றும் பரிசும் பட்டியலின் மறுபக்கமே. இரண்டும் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

பிரயாணிக் கப்பல்கள் திரும்ப வரவில்லையா என்றால், வந்தன. 2007ல் சற்று வடக்கே உல்லாசக் கப்பல்களுக்கு ஒரு துறை திறந்தார்கள். 2015 மே மாதம் குனார்டின் 175ஆம் வருஷத்துக்காக அதன் மூன்று ‘குயீன்’ கப்பல்களும் ஆற்றில் சேர்ந்து வந்து, மூன்று கட்டடங்களின் முன்னால் வலம் வந்தன. கரையில் லட்சக்கணக்கில் கூட்டம். அவற்றில் பெரியதான ‘குயீன் மேரி 2’, 345 மீட்டர் நீளம். கட்டடமே நகர்வதுபோல் இருந்திருக்கும். டேவிஸின் ஜாலம் முழு வட்டம் வந்துவிட்டது. முன்பு கப்பலை அரண்மனையாக்கினார்கள். இப்போது துறைமுகமே அரங்கமாகி, கப்பல் அதில் நடிக்கிறது. உல்லாசக் கப்பலில் ஏறுகிறவன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறான். 90 லட்சம் பேர் கட்டிய டிக்கெட் அப்படிப்பட்டதல்ல.

நீக்கலுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று, ப்ராம்லி மூர் டாக்கில் எவர்ட்டன் கால்பந்துக் குழுவுக்கான மைதானம். 2025ல் அங்கே ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. 1848ல் திறந்த கப்பல்குளம் ஒன்று தூர்க்கப்பட்டது உண்மை. ஜார்ஜ் டாக்கைத் தூர்த்து அதன்மேல் தேவதைகளை நிறுத்தியவர்கள் செய்ததும் அதுவே. முதல் தூர்ப்பு பாரம்பரியம், இரண்டாவது தூர்ப்பு நாசம் என்பதற்கு நூறு வருஷ இடைவெளியைத் தவிர வேறு நியாயத்தை யாராவது காட்டினால் ஒப்புக்கொள்ளத் தயார்.

என் அளவுகோலைச் சுருக்கிச் சொல்கிறேன். கரையில் ஒரு கட்டடம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாம்பட்சம். அந்தக் கரையில் மனிதனுக்கு என்ன நிகழ்ந்ததோ அதன் பிரக்ஞை அதில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நிகழ்ந்தது புறப்பாடு, பிரிவு, திரும்பி வராமை. மிதவை மேடைக்கு அது இருந்தது, யாரும் அதை அழகு என்று சொல்லாதபோதும். இதே கேள்வியை எழுத்திலும் கேட்கலாம். யாப்பை வைத்திருக்கிறானா, உடைத்தானா என்று பார்த்தே நாம் நாளைக் கழிக்கிறோம். இரண்டும் முகப்பு விவகாரம். கீழே தண்ணீர் ஏறி இறங்குவது அந்த வரிகளுக்குத் தெரியுமா என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒன்று இப்போதைய கரையில் இருக்கிறது. அது கட்டடமல்ல. இரண்டாம் யுத்தத்தின்போது லிவர்பூலைத் தளமாகக் கொண்டு ஆயிரக்கணக்கான சீன மாலுமிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தார்கள். பலர் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். யுத்தம் முடிந்ததும், 1945லும் 1946லும், அரசாங்கம் அவர்களைப் பிடித்துக் கப்பலேற்றி அனுப்பிவிட்டது. புருஷன் எங்கே போனான் என்று மனைவிகளுக்குச் சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றே பலர் நம்பி வாழ்ந்தார்கள். பலவந்தம் நடந்தது என்பதை அரசாங்கத்தின் அறிக்கை ஒப்புக்கொண்டது 2022ல். அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 2006ல், அந்த மாலுமிகளின் பிள்ளைகள் அந்தக் கரையில் ஒரு சிறு பலகை வைத்தார்கள். ஆங்கிலத்திலும் சீனத்திலும் சில வரிகள். பட்டியலில் அதற்கு இடமில்லை. அது எந்தக் காட்சியையும் மறைக்கவுமில்லை. நின்று, குனிந்து படிக்க வேண்டும்.